பின் இருக்கையில் எடுத்த அளவு

மனிதக் கை படாமல் வண்டிகளைச் சோதிக்கும் நிலையம் ஒன்று எங்கள் பக்கத்திலும் எழுந்துவிட்டது. வண்டியை வரிசையில் விட்டால் போதும். பிரேக்கையும் விளக்கையும் புகையையும் எந்திரங்களே அளந்து, முடிவையும் அவையே சொல்லிவிடுமாம். அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் சிலர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். புகைச் சோதனையைக் கையால் செய்த காலத்தைப் பற்றித் தங்கள் தொழிலாளர் மலருக்கு எழுதித் தர வேண்டுமென்று கேட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தவை வேடிக்கையான செய்திகளாக இருக்கலாம். அவையும் உண்டு. ஆயினும் எழுத உட்கார்ந்தபோது, ஒரே ஒரு காரின் நினைவு மற்றவற்றை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து நின்றது. அதை எழுதாமல் வேறெதை எழுதினாலும் அது முழுமையாகாது என்று தோன்றியதால், அதையே எழுதுகிறேன்.

நகரிக்குப் பக்கத்தில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நைனா, அதாவது என் அப்பா, என்னைச் சித்தூரில் ஒரு கார்புரேட்டர் கடையில் கொண்டுபோய் விட்டார். பெட்ரோலில் கை ஊறிய அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோலைப் பீச்சும் ஜெட்டின் துளையை வாயால் ஊதிப் பார்த்தே அடைப்பைக் கண்டுபிடிக்கக் கற்றேன். உதிரிப் பொருள்கள் சுற்றி வந்த பழைய செய்தித்தாள்களைப் படித்துப் படித்து, தமிழ், தெலுங்கு இரண்டிலும் வாசிப்பைச் சீர்செய்துகொண்டேன். பின்னர் திருப்பதி–சித்தூர் சாலையில் இருந்த புகைச் சோதனை நிலையம் ஒன்றில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

நிலையம் என்பது பெரிய பெயர். தகரக் கூரையின் கீழ் ஒரு கணினி, பெட்ரோல் வண்டிகளின் புகையிலுள்ள வாயுக்களை அளக்க ஒரு கேஸ் அனலைசர், டீசல் வண்டிகளுக்கு ஒரு புகைமானி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். உரிமையாளர் மாதத்துக்கு ஒரு முறை தலையைக் காட்டுவார். அந்த இடத்தை ஆண்டவர் முனிரத்தினம் மேஸ்திரி. லாரிப் பட்டறைகளில் தலை நரைத்துப்போன பின் இந்த வேலைக்கு வந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். வண்டி தேறாதபோது, “இன்னிக்கு வேணாம் நைனா, ரெடி பண்ணிக்கினு வா” என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் கெஞ்சினாலும் அதட்டினாலும் அவர் முகம் மாறாது. ஒரு முறை ஒருவர், கட்சித் தலைவருடைய உதவியாளர் பேசுகிறார் என்று சொல்லிக் கைப்பேசியை மேஸ்திரியின் காதருகே நீட்டினார். மேஸ்திரி அதை வாங்கி, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

“அவரையே கேட்டுக்கச் சொல்லு. எப்டி இருமுதுன்னு.”

இன்னொருவர், வாசனைப் புகை வந்தால் எந்திரம் ஏமாந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, பெட்ரோல் டாங்கியில் பொட்டலம் பொட்டலமாகக் கற்பூரத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். திருப்பதியில் கற்பூரத்துக்கா பஞ்சம்? மேஸ்திரி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, “ஆரத்தி ஆயிட்சி. தேங்கா எப்ப ஒடைக்கப் போற?” என்று கேட்டார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பிப் போனார்.

இனி அவர் சோதனை செய்த முறையைச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்தது விளங்குவதற்கு அது தேவை.

பெட்ரோல் கார் வந்தால், முதலில் ரேடியேட்டரின் மேல் ஹோசில் உள்ளங்கையை வைப்பார். கை பொறுக்க முடியாத அளவு சூடேறும்வரை எஞ்சின் ஓட வேண்டும். குளிர்ந்த எஞ்சினின் அளவு மெய்யான அளவு ஆகாது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று தாமே தள்ளிப் பார்ப்பார். அதன்பின் தொட்டித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும் சாக்கை எடுத்து நான்காக மடித்து, புகைக்குழாயின் வாயை இறுக மூடிப் பிடிப்பார். குழாயில் ஓட்டை இல்லையென்றால் எஞ்சின் மூச்சு முட்டித் தானாக நின்றுவிடும். ஓட்டை இருந்தால் நிற்காது. ஓட்டை உள்ள இடத்திலிருந்து ‘உஸ்’ என்று ஓசை வரும். சாக்கைப் பிடித்தபடியே தலையைச் சாய்த்து, வண்டியின் நீளத்துக்கும் காது கொடுப்பார். எஞ்சின் நின்று, ஓசையும் இல்லை என்றால்தான் அடுத்த வேலை. எஞ்சினை மறுபடி கிளப்பி, ப்ரோப் எனப்படும் உலோகக் குழலை முழங்கை அளவுக்குப் புகைக்குழாயினுள் நுழைத்து, எண் ஓரிடத்தில் நிலைக்கும்வரை காத்திருப்பார். பின்பு நான் எண் பலகையைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுவேன்.

சாக்கு எதற்காக என்றால், எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு அளவுக்கு மீறி வரும். கார்புரேட்டரை மாற்றி எஞ்சினையும் பிரித்துச் செய்தால்தான் அது குறையும். அதற்கு வழியில்லாதவர்களுக்குப் பட்டறைக்காரர்கள் புகைக்குழாயில் ஒரு துளை போட்டுக் கொடுப்பார்கள். எஞ்சினின் ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தத் துளை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்; புகையோடு நல்ல காற்று கலந்து எண் இறங்கிவிடும். பாலில் தண்ணீர் கலப்பது போன்ற வேலைதான். வழக்கமாக அந்தத் துளையைப் பின் அச்சுக்கும் பின்னால், குழாயின் கடைசிப் பகுதியில் போடுவார்கள். அங்கிருந்து கசியும் புகை வண்டிக்குப் பின்னால் போய்விடும், எவருக்கும் தீங்கில்லை. மற்ற நிலையங்களில் இது செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. எங்கள் சாக்குக்கு முன்னால் செல்லவில்லை. மேஸ்திரியிடம் துளை போட்ட வண்டி தேறாது என்பது பாகாலாவரைக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டது. அதில் எனக்குக்கூடப் பெருமை இருந்தது.

ஏழுமலை பாகாலாவுக்குப் பக்கத்துக் கிராமத்தவர். ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களைத் திருப்பதிக்கு ஏற்றிச் செல்வதும், விடியற்காலையில் திருப்பதிப் பூ அங்காடிக்குக் கட்டிய பூவைக் கொண்டுசெல்வதும் அவருடைய பிழைப்பு. பூக் கட்டுகிறவர் அவர் மனைவி கன்னியம்மா. இரண்டுக்கும் அந்த ஒரே கார்தான். ஏழுமலையின் அப்பா காலத்தில் வாங்கிய பழைய பெட்ரோல் கார். பதினைந்து ஆண்டு முடிந்து ஒரு முறை புதுப்பித்த பதிவு, மறுபடியும் முடியும் தறுவாயில் இருந்தது. புகைச் சான்று இல்லாமல் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள். பதிவு இல்லாத வண்டி சாலையில் பிடிபட்டால் திரும்பி வராது. ஆகவே எங்கள் சோதனையில் தேறுவதைத்தான் அந்தக் குடும்பத்தின் அடுப்பு நம்பியிருந்தது.

முதல் நாள் அவர்கள் வந்தபோது கன்னியம்மா பின் இருக்கையில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பேசிக்கொண்டே மல்லிகையைக் கட்டிக்கொண்டிருந்தார். விரல்களைப் பார்க்காமலேயே கட்டினார். கார் சாக்குச் சோதனையில் தேறிவிட்டது. ப்ரோப்பை வைத்ததும் எண் எல்லையைத் தாண்டி ஏறியது. நான் கார்புரேட்டரின் கலவைத் திருகைச் சரிசெய்து பார்த்தேன். சற்றே இறங்கிப் பிறகு பழைய இடத்துக்கே வந்தது. கார்புரேட்டரின் உள் உறுப்புகள் தேய்ந்துபோயிருந்தன. மேஸ்திரி, “இன்னிக்கு வேணாம்” என்றார்.

கன்னியம்மா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

“பொண்ணு பாக்க வந்தப்பவே இந்தக் காருலதான் வந்தாரு அண்ணா. அப்பவும் இதே பொகைதான். எங்க அண்ணன் பொகையைப் பாத்து, லாரிக்காரங்க சம்மந்தம்னு நெனச்சிக்கிச்சி.”

“சும்மா இரு” என்றார் ஏழுமலை.

“நான் சும்மா இருந்தா இவரு வாயே தொறக்க மாட்டாரு மேஸ்திரி. பஸ்ஸுல கூடையை ஏத்த வுட மாட்டேங்கறான். ஆட்டோவுல எடுத்துக்கினு போனா காத்துல பூ துவண்டுடுது. இன்னா பண்ணச் சொல்ற?”

பிறகு கட்டிக்கொண்டிருந்த சரத்திலிருந்து ஒரு முழம் கிள்ளி என்னிடம் கொடுத்து, எந்திரத்துக்குப் போடச் சொன்னார். அதன் மனம் இரங்கட்டும் என்றார். மேஸ்திரி தடுக்கவில்லை. அனலைசரின் மேல் அன்று மாலைவரை மல்லிகை கிடந்தது. கார்புரேட்டரை மாற்ற வேண்டும் என்று ஏழுமலைக்கு நான் விளக்கிச் சொன்னேன். அந்த மாடலுக்கு இப்போது கார்புரேட்டர் கிடைப்பதில்லை என்றும், கிடைத்தாலும் வாங்குகிற நிலையில் தாம் இல்லை என்றும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

சில நாள்கள் கழித்து அவர்கள் மறுபடியும் வந்தார்கள். வெல்டிங் கடை தாமுவிடம் வண்டியை ‘ரெடி’ செய்துகொண்டு வந்திருப்பதாக ஏழுமலை சொன்னார். தாமு என்ற பெயரைக் கேட்டதும் மேஸ்திரி எழுந்துவிட்டார். துளை போடுவதில் தாமு பெயர் பெற்றவன். மேஸ்திரி சாக்கை நன்றாக நனைத்துத் தாமே பிடித்தார். எஞ்சின் திணறி நின்றது. ஓசை இல்லை. நம்பாமல் இன்னொரு முறை ஓட்டச் சொல்லி, என்னைப் பின்பக்கம் சாக்கைப் பிடிக்கச் செய்து, தாம் வண்டியைச் சுற்றி வந்து காது கொடுத்தார். மறுபடியும் எஞ்சின் நின்றது. கசிவின் அடையாளம் எங்கும் இல்லை. ப்ரோப்பை நுழைத்தோம். எண் எல்லைக்கு நன்றாகக் கீழே நிலைத்தது.

“தாமு நெஜ வேலையும் கத்துக்கினான் போலக்கீது” என்றார் மேஸ்திரி.

சான்று அச்சாகி வந்தது. கன்னியம்மா அதை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, ஏழுமலையின் சட்டைப் பையில் தம் கையாலேயே வைத்தார். அவர்கள் புறப்பட்டபோது பின் கண்ணாடிகள் மேலே ஏற்றியே இருந்தன. பூவில் காற்றுப் படக் கூடாது என்பதற்காக அவை எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

அந்த ஆண்டு கார்த்திகை மழை ஓயாமல் பெய்தது. ஒரு பகல், எங்கள் நிலையத்துக்கு ஒரு காவலர் வந்து, அனலைசரை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு வரும்படி எஸ்.ஐ. அழைப்பதாகச் சொன்னார். எதற்கென்று கேட்டோம். அவர் சொன்னதும் மேஸ்திரி எழுந்து சாக்கையும் எடுத்துக்கொண்டார்.

நடந்தது இது. விடியற்காலையில் பூக் கூடைகளோடு இருவரும் கிளம்பியிருக்கிறார்கள். இரவெல்லாம் பூக் கட்டிய கன்னியம்மா பின் இருக்கையில் படுத்துத் தூங்கிவிட்டார். மழை காரணமாகப் பின்பக்கக் கண்ணாடிகள் இறுக மூடியிருந்தன. முன் கண்ணாடியில் நீராவி படிவதால் ஏழுமலை தம் பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்து, நனைந்துகொண்டே ஓட்டினார். வழியில் லாரி ஒன்று கவிழ்ந்து சாலை அடைபட்டிருந்ததால், எஞ்சினை அணைக்காமல் வெகுநேரம் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அங்காடியில் வந்து கதவைத் திறந்து எழுப்பியபோது கன்னியம்மா எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில், உயிர் முன்பே போய்விட்டது என்றார்கள்.

இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இருப்பதாக மருத்துவர் எழுதினார். அங்கேதான் வழக்கு திரும்பியது. கன்னியம்மாவின் அண்ணன் நகரிப் பக்கத்திலிருந்து வந்து, தங்கைக்கும் கணவனுக்கும் அடிக்கடி சண்டை நடக்கும் என்றும், எங்கோ வைத்துப் புகை காட்டிக் கொன்றுவிட்டுக் காரில் கிடத்தியிருக்கிறான் என்றும் புகார் கொடுத்தார். புகை உள்ளே வந்திருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு அவர் காட்டிய சாட்சி எங்கள் சான்றுதான். சோதித்து, நல்லதென்று தேறி, அச்சடித்துக் கொடுத்த காரின் புகை ஒருத்தியை எப்படிக் கொல்லும்? ஏழுமலையின் ஒரே மகளை மாமன் வீட்டார் அழைத்துப் போய்விட்டார்கள். ஏழுமலை இரண்டு நாள்களாகக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் “தூங்கிக்கினு இருந்தா சார்” என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்.

காவல் நிலையத்தின் பின்முற்றத்தில் அந்தக் கார் நின்றது. பின் இருக்கையில் கூடைகள் இன்னும் இருந்தன, பூ அழுகியிருந்தது. எஸ்.ஐ. தெலுங்கர், இளவயதினர், நிதானமானவர். முன்பு எப்படிச் சோதித்தோமோ அப்படியே தம் கண்ணெதிரில் ஒரு முறை செய்து காட்டும்படி கேட்டுக்கொண்டார். எஞ்சினைச் சூடேற்றி ப்ரோப்பை நுழைத்தேன். எண் எல்லைக்குக் கீழே நிலைத்தது. சான்றில் இருந்ததைவிடவும் குறைவு.

“பாத்துக்கினீங்களா சார்?” என்றார் அங்கே நின்றிருந்த கன்னியம்மாவின் அண்ணன்.

மேஸ்திரி சாக்கை நனைத்துக் குழாயின் வாயை மூடினார். எஞ்சின் நிற்கவில்லை. பின் இருக்கையின் அடியிலிருந்து, பாம்பு சீறுவது போன்ற ஓசை வந்தது. மேஸ்திரி சாக்கைக் கீழே போட்டுவிட்டு, தேங்கியிருந்த மழைநீரில் அப்படியே மல்லாந்து படுத்து வண்டியின் அடியில் நகர்ந்து போனார். டார்ச் வெளிச்சம் அடியில் அங்கும் இங்கும் அசைந்து ஓரிடத்தில் நின்றது. வெளியே வந்தபோது அவர் முதுகெல்லாம் சேறு. குழாயில், பின் இருக்கைக்கு நேர் கீழே ஒரு துளை இருப்பதாகவும், அதன் ஓரத்தில் கருகிப்போன தகரத் துண்டு ஒன்று தொங்குவதாகவும் சொன்னார்.

பின்பக்கத்து ரப்பர் மிதியடியை நான் தூக்கிப் பார்த்தேன். ஆண்டுக்கணக்காகக் கூடைகளிலிருந்து சொட்டிய தண்ணீரில் தரைத் தகடு துருப்பிடித்து அரித்திருந்தது. அதன் வழியாக முற்றத்தின் தரை தெரிந்தது.

அப்போது எஸ்.ஐ. ஒரு யோசனை சொன்னார். ப்ரோப்பை வண்டிக்குள்ளே, அந்த அம்மாள் படுத்திருந்த இடத்தில் வைத்து அளக்க முடியுமா என்று கேட்டார். இத்தனை ஆண்டுத் தொழிலில் நாங்கள் அதைச் செய்ததே இல்லை. செய்யச் சொல்லி எந்த விதியும் இல்லை. கண்ணாடிகளை ஏற்றி, ஒரு கதவின் மேல் இடுக்கில் அனலைசரின் குழாயைச் செருகி, இருக்கையின் மேல் ப்ரோப்பைக் கிடத்தினேன். எஞ்சின் ஓடியது. அந்த எந்திரம் புகைக்குழாயின் வாயில் வைப்பதற்கென்று செய்யப்பட்டது. மனிதர் மூச்சு விடுகிற இடத்தில் அதன் எண் அசையவே கூடாது. சற்று நேரம் அசையவில்லை. பிறகு கடைசி இலக்கம் மாறியது. மாறிக்கொண்டே போனது. எஸ்.ஐ. தாமே குனிந்து எண்ணைப் படித்துவிட்டு, எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

தாமுவை வரவழைத்தார்கள். அவன் எதையும் மறைக்கவில்லை. அவன் மேஸ்திரியைப் பார்த்துப் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

“எல்லாருக்கும் பின்னாடிதான் ஓட்டை போடுவன் மேஸ்திரி. அங்க போட்டா நீ சாக்கை வெச்சதும் கண்டுபுடிச்சிடுவ. அதனால கதவு வெச்சன். தகரக் கதவு, உள்ள பக்கம் மட்டும் தொறக்கும். காத்தை இழுக்கும்போது தொறந்துக்கும், நீ சாக்கை வெச்சா அழுத்தத்துல மூடிக்கும். சத்தமே வராது. ஆனா கதவு வேலை செய்யணும்னா எஞ்சினுக்குக் கிட்டப் போடணும். பின்னாடி இழுப்பு பத்தாது.”

“சீட்டுக்கு அடியிலயா?” என்று கேட்டார் மேஸ்திரி.

“பைப்பு அங்கதான போகுது?” என்றான் தாமு. பிறகு குரல் உடைந்து, “தகரம் தாங்கும்னு நெனச்சன். இவ்ளோ சீக்கிரம் எரிஞ்சி போவும்னு தெரியாது” என்றான்.

எஸ்.ஐ. ஏழுமலையின் பக்கம் திரும்பி, இது அவருக்குத் தெரியுமா என்று கேட்டார். ஏழுமலை முதல் முறையாக வேறொரு சொல் பேசினார்.

“கதவு வெச்சா பாஸுன்னு தாமு சொன்னான். வெய்யின்னு நான்தான் சொன்னன். அவளும் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தா. நல்லா வெய்யி அண்ணா, சும்மா சும்மா அலைய முடியாதுன்னா.”

கன்னியம்மாவின் அண்ணன் அங்கேயே, ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொலை என்னும் சொல் வழக்கிலிருந்து நீங்கியது. தாமுவின் மேலும் ஏழுமலையின் மேலும் வேறு பிரிவில் வழக்கு நடந்தது. அதன் விவரம் இங்கே வேண்டாம். நான் எழுத விரும்புவது மேஸ்திரியைப் பற்றி. திரும்பி வரும் வழியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: சாக்கு இல்லாத ஊரில் ஓட்டை எங்கே இருக்கும்? பதில் அவருக்கே தெரியும்: வண்டியின் வாலில். அவருடைய கண்டிப்புக்குத் தப்பிப்பதற்காகத்தான் அந்தத் துளை வாலிலிருந்து நகர்ந்து நகர்ந்து மனிதர் உட்காரும் இடத்துக்கு வந்தது. கண்டிப்பைத் தளர்த்தியிருக்க வேண்டும் என்று நான் கூறவில்லை, அவரும் கூறவில்லை. தப்பிக்க நினைக்கிறவர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்பதையும் கண்டிப்பானவன் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் இளையவர்களுக்குச் சொல்கிறேன். அடுத்த நாள் முதல் மேஸ்திரி ஒவ்வொரு பழைய காரின் அடியிலும் படுத்துப் பார்த்த பிறகே சாக்கைத் தொட்டார். “இன்னா மேஸ்திரி, தூக்கமா?” என்று வண்டிக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். நான் என் பங்குக்கு, வாலில் வைப்பதற்கு முன் பின் இருக்கையில் ப்ரோப்பை வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். ஓய்வு பெற்ற நாள்வரை அதை விடவில்லை. புதிய நிலையத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றால், உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

பொங்கல் கழிந்த பிறகு ஏழுமலை எங்கள் நிலையத்துக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். காரைக் காவல் நிலையத்திலிருந்து திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தச் சான்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அண்ணா, இத்த ஃபெயிலுன்னு மாத்திக் குடு.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்தச் சான்றுக்கு இன்னும் காலம் இருந்தது. கணினியின் கணக்கில் அந்தக் கார் தேறிய கார்தான். பழைய வண்டி வாங்குகிற ஒருவன் வந்து, புகைச் சான்று நடப்பில் இருப்பதால் அதை ஓட்டுகிற வண்டியாகவே விற்றுவிடலாம் என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து தமக்குச் சோறு இறங்கவில்லை என்றார். கொடுத்த சான்றை அழிக்கக் கணினியில் வழி இல்லை என்று நான் சொன்னேன். அவர் போகாமல் நின்றார். அவரைப் போல் எத்தனையோ பேர் அந்த மேசைக்கு முன்னால் தேற வேண்டுமென்று கெஞ்சி நின்றிருக்கிறார்கள். தேறாமல் போக வேண்டுமென்று நின்றவரை அன்றுதான் கண்டேன்.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி அருகில் வந்தார்.

“வண்டியைக் கொணாந்துடு. ஓட்டையை நானே அடைக்கறன். மறுபடி டெஸ்ட் போட்டா, அந்தக் கணக்கு போயி இந்தக் கணக்கு நிக்கும்.”

இரண்டு நாள் கழித்து, ஒரு டிராக்டரின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஏழுமலை டிராக்டரில் உட்கார்ந்திருந்தார்; காரின் ஸ்டியரிங்கை வேறொருவர் பிடித்திருந்தார். கூடைகள் இல்லை, இருக்கையும் இல்லை. பின்பக்கம் வெறும் தகடாக இருந்தது. மேஸ்திரி அடியில் படுத்து, கருகிய தகரத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு, துளையின் மேல் கனத்த இரும்புத் தகடு வைத்துச் சுற்றிலும் பற்றவைத்தார். பற்றவைத்ததைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார். எஞ்சினைச் சூடேற்றினோம். ஹோசில் கையை வைத்தார். சோக்கைத் தள்ளினார். சாக்கை மடித்து மூடினார். எஞ்சின் திணறி நின்றது. எதையும் குறைக்காமல், ஒவ்வொன்றாகச் செய்தார். பின்பு ப்ரோப்பை முழங்கை அளவுக்கு உள்ளே விட்டோம்.

எண் ஏறியது. எல்லையைத் தாண்டி, நாங்கள் முதல் நாள் பார்த்த இடத்துக்கே வந்து நின்றது.

எண் பலகையைப் படம் பிடித்து ஏற்றினேன். தேறவில்லை என்னும் சீட்டு அச்சாகி வந்தது. ஏழுமலை அதை இரண்டு கைகளாலும் வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். எந்த எண் எதைக் குறிக்கிறது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“மொத நாளும் இதே நம்பருதான அண்ணா?”

“இதேதான் ஏழுமலை.”

சீட்டை நான்காக மடித்தார். வெளியே டிராக்டர்காரர் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கே இத்த வாங்கிக்கினு வூட்டுக்குப் போயிருக்கலாம்” என்றார்.